விரல் போனா எத்தனை பாயிண்ட்? சிங்கப்பூர் வேலைக் காயம்: கேள்வி பதில்

சிங்கப்பூர்ல வேலையில அடிபட்டா என்ன கிடைக்கும், யார்கிட்ட போகணும்னு சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போட்டிருந்தேன். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பார்த்தா வரிசையா கேள்வி. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன். நான் வக்கீல் இல்ல. 2009ல கம்பி கட்ட வந்தவன், இப்போ சைட்ல சேஃப்டி பார்க்கிறேன். நடுவுல என் விரலும் ஒரு தடவை மாட்டினதால வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தை வரி வரியா படிக்க வேண்டியதாப் போச்சு.

அண்ணே, டுவாஸ்ல வேலை. சைட்ல பேனல் சரிஞ்சு கால்ல விழுந்துடுச்சு. "டார்ம் (தொழிலாளர் விடுதி) பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லு, செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்"னு சூப்பர்வைசர் சொல்றார். அப்படியே சொல்லிடவா?

சொல்லாதீங்க தம்பி. இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா எழுதுறேன், ஏன்னா நான் சொல்லிட்டு பட்டவன்.

2011ல கிரேன்ல கம்பிக் கட்டு இறக்கும்போது, கட்டுக்கும் கீழ வெச்ச மரக்கட்டைக்கும் நடுவுல என் இடது ஆள்காட்டி விரல் மாட்டிச்சு. கையுறையைக் கழட்டினா நகமும் சேர்ந்து வந்துடுச்சு. கிளினிக் போற வழி பூரா சூப்பர்வைசர் பாடம் நடத்தினார்: "ரூம் கதவு இடுக்குல மாட்டிச்சுன்னு சொல்லு, உனக்குத்தான் நல்லது." நானும் ஒப்பிச்சேன். டாக்டர் எழுதினது ஒரே வரி, தங்குமிடக் கதவில் விரல் நசுங்கியதுன்னு. அந்த ஒரு வரியைத் தாண்டி வர எனக்கு எட்டு மாசம் ஆச்சு. பக்கத்துல நின்ன பங்களாதேஷ்காரர் கம்பிக் கட்டு மேல ரத்தம் இருந்ததை போன்ல படம் எடுத்து வெச்சிருந்தார். அதுவும் அன்னிக்கு டைம்கார்டும் இல்லேன்னா ஒண்ணும் நடந்திருக்காது.

கம்பெனி ஏன் இப்படிச் சொல்லச் சொல்லுதுன்னா, ஒவ்வொரு விபத்தும் மனிதவள அமைச்சுக்குப் போற கணக்கு. என் காலத்துல 3 நாளுக்கு மேல எம்சி (டாக்டர் எழுதித் தர்ற மருத்துவ விடுப்பு) இருந்தாத்தான் ரிப்போர்ட் பண்ணணும். அதனால ரெண்டு நாள் எம்சி, மிச்சம் லைட் டியூட்டி, அதாவது லேசான வேலைன்னு எழுத வெச்சாங்க. 2020 செப்டம்பர் 1ல இருந்து அந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க. ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ எதுவா இருந்தாலும் 10 நாளுக்குள்ள முதலாளி அமைச்சுக்குத் தெரிவிக்கணும். அவர் செய்யலேன்னா நீங்களே தெரிவிக்கலாம்.

இன்னொண்ணு, தப்பு யார் மேலன்னு இந்தச் சட்டம் பார்க்காது. நீங்களே கவனக்குறைவா இருந்திருந்தாலும் இழப்பீடு உண்டு. அதனால பயப்படாம எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, என்ன வேலை செய்யும்போது அடிபட்டுச்சுன்னு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. இங்கிலீஷ் வரலேன்னா பேப்பர்ல நாலு சொல் எழுதிக் காட்டுங்க. சூப்பர்வைசர் மொழிபெயர்க்க வேண்டாம்.

எனக்கு 40 நாள் எம்சி. கம்பெனி பேசிக் சம்பளம் மட்டும் போட்டிருக்கு. சரியா?

சரியில்ல. விபத்துக்கு முந்தின 12 மாசச் சம்பளத்தோட சராசரியை எடுக்கணும். ஓவர்டைமும் அதுல சேரும். நம்மாளுங்களுக்கு பேசிக்கை விட ஓவர்டைம்தானே சோறு போடுது! வீட்டுல இருந்தபடி எடுத்த எம்சின்னா முதல் 14 நாள் முழுச் சம்பளம், அதுக்கப்புறம் மூணுல ரெண்டு பங்கு. ஆஸ்பத்திரி கொடுத்த ஹாஸ்பிட்டலைசேஷன் லீவுன்னா முதல் 60 நாள் முழுச் சம்பளம், பிறகு அதே மூணுல ரெண்டு. விபத்து நாள்ல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் இது ஓடும். லைட் டியூட்டி கொடுத்து சம்பளம் குறைஞ்சாலும் இதே கணக்குதான். வழக்கமான சம்பள நாள்லயே கைக்கு வரணும், "கேஸ் முடியட்டும்"னு நிறுத்தி வைக்கக் கூடாது. பழைய சம்பளச் சீட்டெல்லாம் எடுத்து வைங்க.

வலது கை நடுவிரல் பாதி போயிடுச்சு. எத்தனை பாயிண்ட் வரும், எவ்வளவு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும்?

எத்தனை பாயிண்ட்னு நான் சொல்ல முடியாது தம்பி. அது டாக்டர் போடுறது. பொதுவா விபத்து நடந்து 6 மாசம் ஆனதும் மதிப்பிடுவாங்க. ரூம்ல உட்கார்ந்து "எனக்கு 10 வந்துச்சு, உனக்கு 20 வரும்"னு சொல்றவங்களை நம்பி ஊர்ல கடன் வாங்கிடாதீங்க.

கணக்கு எப்படின்னு காட்டுறேன். நம்ம பேச்சுல பாயிண்ட்ங்கிறது நிரந்தரமா இழந்த திறன் எத்தனை சதவீதம்ங்கிறது. வயசு 40 வரைக்கும் சராசரி மாசச் சம்பளத்தை 181ஆல பெருக்கணும், அதுல அந்தச் சதவீதத்தை எடுக்கணும். 40 தாண்டினா 181 கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். உங்க வயசு 32, ஓவர்டைமோட சராசரி 1,000 வெள்ளி, 12 பாயிண்ட்னு வெச்சுக்குவோம். 1,81,000ல 12 சதவீதம், 21,720 வெள்ளி.

சராசரி 600 வெள்ளிதான்னா 181 மடங்கு 1,08,600 வரும். ஆனா 2025 நவம்பர் 1ல இருந்து நடந்த விபத்துக்கு அடித்தளம் 1,16,000 வெள்ளி. அதுக்குக் கீழ போகக் கூடாது. அதனால அந்த 12 பாயிண்டுக்கு 13,920 வெள்ளி. மேல உச்சம் 3,46,000. அந்தத் தேதிக்கு முன்னாடி அடிபட்டவங்களுக்குப் பழைய அளவு, 97,000ல இருந்து 2,89,000 வரைக்கும். விபத்து நாள்தான் முக்கியம், பணம் கைக்கு வர்ற நாள் இல்ல.

மதிப்பீட்டு நோட்டீஸ் வந்ததும் தேதியைப் பாருங்க. பாயிண்ட் கம்மின்னு தோணினா 14 நாளுக்குள்ள ஆட்சேபம் தெரிவிக்கணும். யாரும் ஆட்சேபிக்கலேன்னா 21 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும். பழைய அட்ரஸுக்கு நோட்டீஸ் போய், டார்ம் மாறின பையன் பார்க்காம 14 நாள் ஓடிப் போனதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

மூட்டை தூக்கி முதுகு பிடிச்சுக்கிச்சு. இன்சூரன்ஸ்காரன் "வயசான முதுகு, வேலையால இல்ல"ங்கிறான். எனக்கு 38 வயசுதான்.

கை கால் வெட்டுன்னா கண்ணுக்குத் தெரியும். முதுகுதான் பெரிய தலைவலி. ஸ்கேன் எடுத்தா நம்ம எல்லார் முதுகுலயும் தேய்மானம் இருக்கும், அதை வெச்சு வாதம் பண்ணுவாங்க. "ரொம்ப நாளா வலிக்குது"ன்னு டாக்டர்கிட்ட சொன்னா கேஸ் பலவீனமாயிடும். இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இதைத் தூக்கும்போது சடக்குன்னு பிடிச்சுதுன்னு அப்படி நடந்திருந்தா மட்டும் சொல்லுங்க, பொய் வேண்டாம். அன்னிக்குக் கூட தூக்கினவர் பேரையும் எழுதி வைங்க. இன்சூரன்ஸ் மறுத்தாலும் முடிவு அமைச்சுகிட்டத்தான். அவன் சொல்லே கடைசி இல்ல.

வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. ஊருக்குப் போயிட்டா கிளெய்ம் போயிடுமா?

போகாது. வேலையில இருக்கும்போது அடிபட்டிருந்தா பெர்மிட் போனாலும் உரிமை இருக்கு. விபத்து நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள கிளெய்ம் போட்டிருக்கணும், அவ்வளவுதான். ஆனா ஊர்ல இருந்து நடத்துறது கஷ்டம். முடிஞ்சா கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. கேஸ் நடக்கும்போது இங்க இருக்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அதை வெச்சு பொதுவா வேலை செய்ய முடியாது, அதுதான் நம்மாளுங்களை உடைக்குது. ஆனா சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம் அதுவரைக்கும் முதலாளி பொறுப்பு. அதுவும் கிடைக்கலேன்னா லிட்டில் இந்தியாவுல, வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கு உதவுற டிடபிள்யூசி2 (TWC2) அமைப்பு நடத்துற கஃப் ரோடு திட்டம் இருக்கு. அடிபட்ட தொழிலாளிங்களுக்கு 2008ல இருந்து இலவசச் சாப்பாடு போடுறாங்க. கூச்சப்படாம போங்க. நானும் அங்க சாப்பிட்டவன்தான்.

தம்பி, நான் புதுக்கோட்டைப் பக்கம். என் வீட்டுக்காரர் டார்ம்ல தூக்கத்துலயே போயிட்டார். நஷ்டஈடு உண்டா? ஏஜென்ட் ஒருத்தர் கையெழுத்து கேக்கிறார்.

அக்கா, மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். தூக்கத்துல மாரடைப்புன்னா இந்தச் சட்டத்துல வர்றது அபூர்வம். வேலையாலதான் வந்துச்சுன்னு காட்டணும். முந்தின நாள் வெயில்ல மயங்கினாரா, நெஞ்சு வலின்னு சைட்ல யார்கிட்டயாவது சொன்னாரா, கிளினிக் போனாரான்னு கூடத் தங்கினவங்ககிட்ட விசாரிங்க. வேலை விபத்துன்னு ஆச்சுன்னா குறைஞ்சது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 2,69,000. இல்லேன்னு ஆனாலும் உடலை ஊருக்கு அனுப்புற செலவு முதலாளியோடது. அதுக்கு நீங்க ஒரு ரூபா தரக் கூடாது.

ஏஜென்ட்கிட்ட கையெழுத்துப் போடாதீங்க. இந்தச் சட்டத்துல கிளெய்ம் போட வக்கீலும் வேண்டாம், பங்கு கேக்கிற ஆளும் வேண்டாம்.

கம்பெனி லாரியில டார்ம் திரும்பும்போது விபத்து. வேலை நேரம் முடிஞ்சு போச்சே, கிடைக்குமா?

கிடைக்கும். முதலாளி ஏற்பாடு பண்ணின வண்டியில வேலைக்குப் போறதும் வர்றதும் இதுல அடக்கம். நீங்களா பஸ்லயோ எம்ஆர்டியிலயோ போனா வராது.

சைட்ல சண்டை, மூக்கு உடைஞ்சது?

நீங்க அடிச்சு அவன் திருப்பி அடிச்சதுன்னா இல்ல. விலக்கப் போய் வாங்கினதுன்னா உண்டு. குடிச்சிட்டு விழுந்தா, நான் பேசவே வரல.

சிமெண்ட்ல கை பூரா வெடிச்சு அரிக்குது. இது விபத்து இல்லையே?

விபத்தா இருக்கணும்னு இல்ல. தொழில் நோய்னு சட்டத்துல ஒரு பட்டியலே இருக்கு. தோல் நோய், சிலிக்கா தூசியால வர்ற நுரையீரல் நோய், சத்தத்தால காது மந்தமாறதுன்னு பல. ஷிப்யார்டுல சிப்பிங், கிரைண்டிங் பண்றவங்க, வீட்டுல டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போறீங்கன்னா காதைச் சோதிச்சுப் பாருங்க.

நான் சிங்கப்பூர்க்காரன். பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றேன். எனக்கு?

2025 ஜனவரி 1ல இருந்து உங்களுக்கும் உண்டு. ஆர்டர் ஏத்துக்கிட்டு ஓடும்போது அடிபட்டா கம்பெனித் தொழிலாளி மாதிரியே இழப்பீடு. வீட்டு வேலை செய்யுற அக்காங்க யாரோ கேட்டிருந்தாங்க. அவங்களுக்கு இந்தச் சட்டம் இல்ல. ஆனா முதலாளி அவங்க பேர்ல குறைஞ்சது 60,000 வெள்ளிக்கு விபத்துக் காப்புறுதி எடுத்தே ஆகணும்.

அண்ணே, டுவாஸ் தம்பிதான். உள்ளதைச் சொல்லிட்டேன். 5 நாள் எம்சி. சூப்பர்வைசர் பேசவே இல்ல. இப்போ என்ன?

நல்லது. எம்சியை ரெண்டு பக்கமும் படம் எடுத்து ஊர்ல அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ அனுப்பி வைங்க. போன் தொலைஞ்சாலும் இருக்கும். பேனல் விழுந்த இடத்தை யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே சுத்தம் பண்ணிடுவாங்க. பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட் போயிருக்கான்னு அமைச்சுல கேளுங்க. கால் வீக்கம் இறங்காம இருந்தா அடுத்த டாக்டர்கிட்டயும் அதே கதைதான், ஒரு சொல் மாறக் கூடாது. சூப்பர்வைசர் பேசலேன்னா விடுங்க, என்கிட்ட ஒரு வருஷம் பேசல.