கடலில் நிற்கும் கவனம் கரையில் ஏன் நிற்பதில்லை? – கேள்வி பதில்

பாம்பன் வாசகர்: ஐயா, ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்ட என் தம்பி விசைப்படகில் இரவெல்லாம் கண் அயராமல் வலை பார்க்கிறான். கரையில் ஒரு படிவத்தை ஒரு மாதமாக நிரப்பவில்லை. சோம்பல்தானே?

பதில்: சோம்பேறி இரவெல்லாம் வலை பார்ப்பானா? அவனுக்குக் கவனம் உண்டு. கூப்பிட்ட இடத்துக்கு வராது. கடலில் ஆபத்து, அவசரம், கைமேல் பலன் மூன்றும் சேர்ந்து அவனை விழிக்க வைக்கின்றன. படிவத்தின் பலனோ மாதங்கள் தள்ளி இருக்கிறது. புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் வலையைச் செப்பனிடுங்கள், அவன் எழுதட்டும். முதல் நாள் பெயரும் படகு எண்ணும் போதும். எனக்கும் இதே குறைபாடுதான். வரிக் கணக்கை அக்காவை எதிரே உட்கார வைத்தே முடிக்கிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. கடலுக்குப் போகாத நாளுக்கு வடிவமே இராது. காலையில் ஒரு வேலை, ஓர் ஆள், ஒரு நேரம் என்று கட்டிக்கொடுங்கள்.

கீழக்கரை கணக்கர்: மாத்திரைப் பெயர் சொல்லுங்கள்.

பதில்: மனநல மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தவர் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

தொண்டி வாசகர்: எங்கள் காலத்தில் இது ஏது? எல்லாம் கைபேசி செய்த வினை.

பதில்: லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியது 1902-இல். அவர்கள் கையில் எந்தக் கைபேசி இருந்தது?

தொண்டி வாசகர்: அவர் சொன்னது பிள்ளைகளை. பெரியவர்களுக்கு எப்படி வரும்?

பதில்: புதிதாக வருவதில்லை, பலருக்குக் கூடவே வளர்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 வரையறைப்படி, பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். முப்பது வயதில் திடீரெனக் கவனம் சிதறினால் தூக்கம், தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே உங்கள் கைபேசிக்கும் பங்கு இருக்கலாம். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

சாயல்குடி வாசகர்: ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: வேண்டுதல் உங்கள் விருப்பம், மருத்துவத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் மாண்டார்கள். அதன் பிறகும் இந்தக் கேள்வி வருவது எனக்கு வலிக்கிறது.

மண்டபம் வாசகர்: மாத்திரைப் பெயர்?

பதில்: மேலே கணக்கருக்குச் சொன்னதுதான். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இலவசம்.

தேவிபட்டினம் வாசகர்: குறைந்த அளவு மாத்திரை என்றால்...

பதில்: இல்லை.