பக்கவாதமும் அழற்சி தடுப்பு மருந்துகளும்: வாசகர் கேள்விகள்

கே: பக்கவாதத்தில் மூளை ரத்தக்குழாய் அடைப்பை நீக்கினால் போதாதா? அழற்சியை ஏன் அடக்கப் பார்க்கிறார்கள்?

ப: போதாது. ரத்தம் கிடைக்காமல் மூளைச் செல்கள் சாகும்போது இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் புரதங்கள் சுரக்கின்றன, வெள்ளை அணுக்கள் உள்ளே புகுகின்றன. ஓரத்தில் பிழைக்கக்கூடிய செல்களும் சேர்ந்து கெடுகின்றன. ஆனால் செத்த திசுவை அகற்றிப் பழுதுபார்ப்பதும் அதே அழற்சிதான். எதை, எப்போது அடக்குவது என்பதுதான் சிக்கல்.

கே: எலிக்குப் பலித்த மருந்து மனிதருக்கு ஏன் பலிப்பதில்லை?

ப: ஆய்வக எலி பெரும்பாலும் இளசு, வேறு நோய் இருக்காது, அடைப்பு ஏற்பட்ட கொஞ்ச நேரத்திலேயே மருந்து போட்டுவிடுவார்கள். நோயாளியோ வயதானவர், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர், மணிக்கணக்கில் தாமதித்து வருபவர். பக்கவாதமே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதோடு விழுங்குவதில் தடுமாற்றம் சேர்ந்தால் நிமோனியா எளிதில் வரும். அந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்குவது ஆபத்து.

வெள்ளை அணுக்கள் உள்ளே புகுவதைத் தடுக்கும் என்லிமோமாப் மருந்தின் ஆய்வில் (2001, 625 பேர்) மருந்து பெற்றவர்களின் நிலைதான் மோசமானது. காய்ச்சலும் தொற்றும் கூடின. அது எலிப் புரதத்தால் ஆன மருந்து என்பதால், உடல் அதையே எதிர்த்திருக்கலாம். 2018-இல் இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா: 80 பேர், 100 மி.கி. தோலடி ஊசி, தினம் இருமுறை, 3 நாள். ரத்தத்தில் அழற்சி அளவு நன்றாக இறங்கியது. ஆனால் 3 மாதத்தில் நோயாளிகளின் செயல்திறன் கூடவில்லை. 'சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) குறைந்தது' என்ற செய்தியை மட்டும் வைத்து மருந்து பலித்துவிட்டது என்று நம்பாதீர்கள்.

கே: ஸ்டீராய்டு?

ப: 2024-இல் சீனாவில் 1,680 பேரிடம் சோதித்தார்கள். பெரிய ரத்தக்குழாய் அடைப்பு, குழாய்வழி அகற்றும் சிகிச்சையுடன் மெத்தில்பிரட்னிசலோன், உடல் எடையில் கிலோவுக்கு தினம் 2 மி.கி., 3 நாள். முக்கிய அளவீடான செயல்திறன் உறுதியாகக் கூடவில்லை. இறப்பு, ஸ்டீராய்டு பெறாதவர்களில் 28.5 சதவீதம், பெற்றவர்களில் 23.2 சதவீதம். நம்பிக்கை தருகிறது, ஆனால் வழக்கமான சிகிச்சையாக்க இது மட்டும் போதாது.

கே: பக்கவாதம் வந்த அப்பாவுக்குத் தோள்வலி. வலியும் அழற்சியும் குறைக்கும் ஐபுபுரூஃபன் கொடுக்கலாமா?

ப: நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவு, ரத்தக்கொதிப்பு, மீண்டும் பக்கவாதம் என மூன்று அபாயமும் கூடும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதாலும் தோள் வலிக்கும். முதலில் அதை நிறுத்தி, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

கே: ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்பது?

ப: பக்கவாதம் வந்து எத்தனை மணிக்குள் மருந்து? ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்தில்லாத போலி மருந்து கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? தொற்றை எப்படிக் கண்காணிப்பார்கள்? 90-ஆம் நாள் எதை அளப்பார்கள், அன்றாடச் செயல்திறனை 0 முதல் 6 வரை அளக்கும் ரேங்கின் மதிப்பெண்ணா, ரத்தப் பரிசோதனையா? சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. அதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு உறுதிசெய்யுங்கள்.