இலங்கையின் மலையக நாவலாசிரியரின் சொந்த வாழ்க்கை கதைக்குள் எப்படி வருகிறது?

நடந்தது நடந்தபடியே வருவது அபூர்வம். சி.வி. வேலுப்பிள்ளையைப் பாருங்கள். மடக்கும்புர தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். 'வீடற்றவன்' நாவலிலோ சங்கம் அமைக்கப் போய்த் துன்பப்படும் ஒரு தொழிலாளியை எழுதினார். சங்கப் பணியில் கேட்ட பலருடைய முறைப்பாடுகள் அந்த ஒருவனுக்குள் சேர்ந்திருக்கின்றன என்றே நான் வாசிக்கிறேன்.

பெயர், தோட்டம், ஆண்டு எல்லாம் மாறலாம். விடிகாலைப் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), அட்டைக்கடி, கொழுந்து நிறுக்கும்போது எடையில் கழிக்கும் றாத்தல் போன்றவை மாறாமல் வரும். இவற்றை வெளியாளும் கேட்டு எழுதிவிடலாம். றாத்தல் குறைந்த நாளில் ஒரு பெண் கங்காணியிடம் எந்தக் குரலில் பேசுவாள் என்பது அங்கே வளர்ந்தவருக்குத்தான் தெரியும். எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம், தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தம் போன்ற பெரிய நிகழ்வுகூட, கதையில் ஒரு குடும்பம் பிரிந்து தலைமன்னாரில் கப்பல் ஏறுவதாகத்தான் வரும்.