வீட்டு போனை ஃபைபருக்கு மாற்றலாமா? முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

பழைய தரைவழி போனை விட்டுவிட்டு ஃபைபர் இணையத்தோடு சேர்ந்து வரும் போனுக்கு மாறலாமா, எதைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் என் அம்மாவுக்காக இதைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாறலாம், ஆனால் மாதக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் எண். மொபைல் எண்ணை நிறுவனம் மாற்றிக் கொண்டுபோவது போல தரைவழி எண்ணைக் கொண்டுபோக நம் நாட்டில் வசதி இல்லை. பழைய எண்ணே வேண்டுமென்றால் அதே நிறுவனத்திடம் தாமிரக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றித் தரக் கேட்க வேண்டும். நாங்கள் வேறு நிறுவனத்துக்குப் போனதால், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்ட 0452 எண்ணை இழந்தோம். நல்லவேளையாக, இரண்டு மாதம் இரண்டு இணைப்பையும் வைத்திருந்தோம். எனக்கு அது வீண்செலவாகத் தோன்றவில்லை.

புது இணைப்பு வந்த அன்றே மெயின் சுவிட்சை அணைத்தேன். ரிசீவரில் டயல் டோன் இல்லை. தாமிரக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வரும். தெருவே இருண்டாலும் போன் பேசும். ஃபைபரில் வருவது வெறும் ஒளி; வீட்டிலிருக்கும் பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். கார்ட்லெஸ் போனின் அடித்தட்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், கம்பி உள்ள சாதாரண போனையே வைத்தேன். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஃபைபர் நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறதா, தெருமுனையில் கேபிள்காரரின் சுவிட்ச் பெட்டி வழியாகப் போகிறதா? அந்தப் பெட்டிக்கு பேட்டரி இல்லையென்றால், உங்கள் வீட்டு யுபிஎஸ் இருந்தும் பயனில்லை.

பேச்சுத் தரத்துக்கு வேகம் பெரிய விஷயமே இல்லை. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 64 கிலோபிட், ஒவ்வொரு தரவுத் துண்டோடும் போகும் முகவரி விவரங்களையும் சேர்த்தால் 90-க்குள் அடங்கும். 100 எம்பிபிஎஸ் விளம்பரம் இதற்குத் தேவையில்லை. தொல்லை தருவது தாமதமும் நெரிசலும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது; தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

எங்கள் வீட்டில் நெரிசலைச் சித்திதான் கண்டுபிடித்தார். "அக்கா, பாதி வார்த்தை எனக்கு வந்து சேரவே இல்லை" என்று தினமும் இரவு எட்டு மணிக்குப் புகார். காலையில் பேசினால் ஒரு குறையும் இல்லை. நிறுவனத்தைத் திட்டி ஒரு வாரம் ஓட்டினேன். கடைசியில் பார்த்தால், குற்றவாளி நான்தான்: அந்த நேரத்தில் என் மொபைல் அன்றைய புகைப்படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தை நள்ளிரவுக்குத் தள்ளியதும் சித்தியின் காது சரியாகிவிட்டது. ஆகவே, வேண்டுமென்றே ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் சொல்வதை நம்புங்கள். உங்கள் காதுக்கு உங்கள் குறை தெரியாது.

பிறகு வங்கியின் தானியங்கி எண்ணை அழைத்து, "ஒன்றை அழுத்தவும்" என்ற இடத்தில் அழுத்திப் பாருங்கள். சில இணைப்புகளில் அந்தப் பொத்தான் ஒலி சிதைந்து போகும். பழைய சுழற்று டயல் போன் வைத்திருந்தால் பல பெட்டிகளில் மணி அடிக்கும், டயல் ஆகாது. தரைவழியிலிருந்து மொபைலுக்கு 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பதால், நினைவகத்தில் எண்களைப் போடும்போது அதையும் சேர்த்தே போடுங்கள்.

யுபிஎஸ் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. இப்போதெல்லாம் மின்சாரம் போனால் அம்மா முதலில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெழுகுவர்த்தியைத் தேடுகிறார்.