திகில் கதையில் யார் பேசவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் சிறு பதிப்பகங்கள் வழியாகவும் எழுத்தாளர்களின் சொந்தப் பொறுப்பிலும் வெளிவரும் திகில் கதைகளைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். அண்மையில் முடித்தவை மூன்று. எரிக் லரோக்காவின் ‘திங்ஸ் ஹேவ் காட்டன் வொர்ஸ் சின்ஸ் வி லாஸ்ட் ஸ்போக்’ குமட்டலைத் தந்தது, பயத்தைத் தரவில்லை. ஃபெலிக்ஸ் பிளாக்வெல்லின் ‘ஸ்டோலன் டங்ஸ்’ நன்றாகத் தொடங்கி, பிறகு இழுத்துக்கொண்டே போகிறது. டேதன் அவர்பாக்கின் ‘பென்பால்’ நாவலில் பேயே கிடையாது, நடை தடுமாறுகிறது, அந்த மனிதன் யார், ஏன் அப்படிச் செய்தான் என்பதைக் கடைசிவரை விளக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். ஆனால் படித்து முடித்த இரவில் விளக்கை அணைக்க மனம் வரவில்லை. பெரிய பதிப்பகத்து எடிட்டர் ஒருவரின் கைபட்டிருந்தால் இவை மேலான நூல்களாகியிருக்குமா? தமிழில் இத்தகைய முயற்சிகள் ஏன் இல்லை? அப்பா சென்ற ஆண்டு காலமானதிலிருந்து எனக்கு வேறு எந்தப் புத்தகமும் ஓடவில்லை. இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். துக்கத்தில் இருப்பவர்கள் ஏன் திகில் கதைகளைத் தேடிப் போகிறார்கள் என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். மற்ற புத்தகங்களும் பெரும்பாலும் அதையே செய்கின்றன. நடக்கக்கூடாதது நடந்துவிட்டது, அதற்குச் சமாதானம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குபவை திகில் கதைகள் மட்டுமே. அப்பாவை இழந்த ஒருவருக்கு அவை மட்டும் ஓடுவதில் வியப்பில்லை. இதற்காக நீங்கள் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பதிப்பகம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். திகில் இலக்கியம் தொடக்கத்திலிருந்தே பெரிய வாசலுக்கு வெளியே வளர்ந்தது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் உயிரோடு இருந்தபோது புத்தகமாக வந்த ஒரே கதை, 1936இல் ஒரு சிறு அச்சகத்தார் போட்ட ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’. பிழைத்திருத்தப் பட்டியலைச் சேர்த்தே அனுப்ப வேண்டிய அளவுக்கு அதில் அச்சுப்பிழைகள் மலிந்திருந்தன. அவர் இறந்த பிறகு பெரிய பதிப்பகங்கள் கைவிரித்துவிட்டதால், அவருடைய எழுத்தாள நண்பர்களான ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரெயும் 1939இல் விஸ்கான்சின் மாநிலத்தின் சாக் சிட்டி என்ற சிற்றூரில் ‘ஆர்க்கம் ஹவுஸ்’ பதிப்பகத்தைத் தொடங்கி, அவர் கதைகளின் தொகுப்பை 1268 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள்; அவை விற்றுத் தீரவே சில ஆண்டுகள் பிடித்தன. நம் காலத்துக்கு வந்தால், மலிவுப் பதிப்பில் தொடர்ந்து திகில் நாவல்களை வெளியிட்டுவந்த டார்செஸ்டர் நிறுவனம் 2010இல் அந்தப் பதிப்பை நிறுத்தியபோது, பெரும் விற்பனை இல்லாத எழுத்தாளர்கள் பலருக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. இன்றைய சுயாதீனத் திகில் எழுத்து செழித்ததற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். நல்ல எடிட்டர் எவரும் ‘ஸ்டோலன் டங்ஸ்’ நாவலைக் குறைத்திருப்பார், அதில் உங்களோடு உடன்படுகிறேன். ‘பென்பால்’ விஷயத்தில் அதே கை கெடுதலையே செய்திருக்கும்.

குமட்டல் வேறு, பயம் வேறு என்று நீங்கள் பிரித்துப் பார்த்தது சரி. தொல்காப்பியரும் இளிவரல் என்னும் இழிவுணர்வையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாகவே, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளாகவே வைத்தார். ஆனால் இளிவரல் எதனால் பிறக்கிறது என்று அவர் சொன்னதையும் பாருங்கள்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இரத்தமும் நிணமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. லரோக்காவின் குறுநாவலில் ஆக்னஸ் என்ற பெண், 2000ஆம் ஆண்டில், பணமுடையால் தன் குடும்பவழி வந்த பழைய ஆப்பிள் தோல்சீவி ஒன்றை இணையத்தில் விற்க முன்வருகிறாள். அதைக் கேட்டு எழுதும் இன்னொருத்தி கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாழ்க்கையையே தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறாள். தன்னிடம் அன்பாகப் பேச ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதற்காக அவள் எதற்கெல்லாம் இணங்குகிறாள் என்பதே அந்தக் கதையின் இளிவரல். பின்பகுதியின் உடல் வதைகளில் ஆசிரியர் அளவு மீறுகிறார் என்பது என் கருத்தும்கூட. ஆனால் நீங்கள் அந்தப் பக்கங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த தனிமையைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

இனி ‘பென்பால்’. இந்த நூலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பேய் இல்லாவிட்டால் திகில் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்றார் தொல்காப்பியர். கள்வரும் அதில் உண்டு. நடை தடுமாறுகிறது என்பது உங்கள் அடுத்த குறை. அந்தக் கதைகள் முதலில் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் திகில் கதைகளுக்கான ‘நோஸ்லீப்’ பகுதியில் ஒவ்வொன்றாக வெளிவந்து, பின்னர் 2012இல் அவர்பாக்கின் சொந்த முயற்சியால் நூலாயின. அங்கே சொல்லப்படுவது அனைத்தும் உண்மை என்று எடுத்துக்கொண்டே வாசகர்கள் பேச வேண்டும் என்பது அந்த இடத்தின் விதி. ஆகவே அதைச் சொல்பவன் எழுத்தாளன் அல்லன்; தன் சிறுவயதில் நடந்தது என்னவென்று இப்போதுதான் விளங்கத் தொடங்கியிருக்கும் ஒரு சாட்சி. சாட்சி சரளமாகப் பேசினால் நாம் சந்தேகப்படுவோம். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுகளில் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அணைத்துவிட்டு நண்பர்களுக்குக் கதை வாசிப்பார் என்பார்கள். 1893இல் நண்பர்கள் முன் கதை வாசிக்கத் தொடங்கியவரின் முதல் தொகுப்பு 1904இல்தான் வந்தது. திகில் கதைக்கு அச்சகத்தைவிடக் கேட்கும் செவியே முதலில் தேவைப்படுகிறது.

‘விளக்கவில்லை’ என்ற புகாருக்கு வருகிறேன். இதை நான் எளிதில் விடப்போவதில்லை. அந்த நாவலில், மழலைப் பள்ளிப் பிள்ளைகள் பலூன்களில் கடிதங்களைக் கட்டி வானத்தில் விடுகிறார்கள். மற்றவர்களுக்குக் கடிதங்கள் பதிலாக வர, கதைசொல்லியான சிறுவனுக்கு மட்டும் மங்கலான போலராய்டு படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவன் அவற்றைச் சேர்த்து வைக்கிறான். நாள் சென்று மறுபடி எடுத்துப் பார்க்கும்போதுதான், அந்தப் படங்களில் தானும் தன் அம்மாவும் இருப்பதைக் காண்கிறான். யாரோ தொலைவில் நின்று எடுத்திருக்கிறார்கள். நீங்கள் இங்கே ‘எடுத்தவன் யார்?’ என்று கேட்கிறீர்கள். துப்பறியும் கதையின் கேள்வி அது. இந்த நாவல் எழுப்பும் கேள்வி, அந்த அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, அதை அவள் ஏன் இத்தனை ஆண்டுகள் மகனிடமிருந்து மறைத்தாள் என்பது. வளர்ந்த மகன் கேட்கக் கேட்க, அவள் வேண்டாவெறுப்பாகத் துண்டுதுண்டாகச் சொல்கிறாள். ஒவ்வொரு துண்டும் அவன் நினைவில் இருந்த ஒரு மகிழ்ச்சியான நாளைத் தின்றுவிடுகிறது. அந்த மனிதனின் பெயரும் பிறப்பும் நோக்கமும் எழுதப்பட்டிருந்தால், நீங்கள் அவனை ஒரு பைத்தியக்காரன் என்று தீர்ப்பெழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். விளக்கம் கிடைக்காததால்தான் விளக்கை அணைக்க முடியவில்லை. உங்களைத் தூங்கவிடாத நூலுக்கு இரண்டு மதிப்பெண் போட்டது எந்த நியாயத்தில் சேர்த்தி?

நல்ல திகில் கதை எதிலும் பேயைத் தேடுவதைவிட, அந்த வீட்டில் யார் எதைப் பேசாமல் இருக்கிறார்கள் என்று தேட வேண்டும் என்பது வெகுகாலமாக என் கட்சி. இதை நான் புத்தகங்களிலிருந்து கற்கவில்லை. எங்கள் ஊர் வீட்டின் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அதைக் கருங்கல் பலகை போட்டு மூடியிருந்தார்கள். என் அத்தை, மின்சாரம் போன இரவுகளில் திண்ணையில் எங்களை உட்கார வைத்து, பஞ்சைத் தொடைமேல் வைத்து உருட்டித் திரி திரித்தபடியே கதை சொல்வாள். விளக்கு வைத்த பிறகு தண்ணீர் சேந்தப் போன ஒரு பெண்ணின் கதை. வாளி உள்ளே போகும். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கும். இழுக்க இழுக்கக் கயிறு கனத்துக்கொண்டே வரும். ‘அப்புறம்?’ என்போம். உருட்டிக்கொண்டிருந்த கை நிற்கும். ‘அவ்வளவுதான், போய்ப் படுங்க’ என்பாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிறுத்துவாள். மேலே வந்தது என்னவென்று எங்களில் யாருக்கும் கடைசிவரை தெரியாது.

அத்தை இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடியிருந்தபோது, சித்தப்பா பேச்சுவாக்கில் சொன்னார்: அவர்களுக்கு மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாளில் அந்தக் கிணற்றில் விழுந்துவிட்டாள், தேடிப் போன தங்கை என் அத்தை. வீட்டில் அந்தப் பெண்ணின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அவளுக்குத் திதி கொடுத்து நான் பார்த்ததில்லை. அவள் பெயரை என் அப்பா உச்சரித்து நான் கேட்டதே இல்லை. அக்காவைப் பற்றிப் பேச அந்த வீட்டில் என் அத்தைக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வழி, குழந்தைகளுக்குச் சொல்லும் பேய்க்கதை. அதையும் அவளால் முடிக்க முடியவில்லை. அந்தக் கதைக்கு விளக்கம் கேட்டு நாங்கள் அடம்பிடித்ததை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவேதான் அவர்பாக்கின் நாவலில் அந்த அம்மா வாய் திறக்கும் பக்கங்களை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை. தொலைபேசியிலும் நேரிலும் மகன் அவளை நெருக்குகிறான். அவனுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அவளுக்கோ, அவனுடைய குழந்தைப்பருவத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததைத் தவிர வேறு சாதனை வாழ்க்கையில் இல்லை. இப்போது அதையும் தன் வாயாலேயே அழிக்கச் சொல்கிறான். ஒருவர் இன்னொருவரை நேசிப்பதாலேயே உண்டாகும் இந்த நெருக்கடியை, குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட மதிப்புமிக்க நாவல்கள் பலவற்றிலும் இவ்வளவு கூர்மையாக நான் கண்டதில்லை. இதைக் கீழான இலக்கியம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு விவாதமில்லை.

தமிழில் ஏன் இல்லை என்ற கேள்வியைத் தனியாகத்தான் பேச வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: திண்ணையில் சொல்லப்பட்டவற்றைப் பொய்க்கதை என்று தள்ளிவிட்டு, வெளியூர் பங்களாக்களையும் மந்திரவாதிகளையும் எழுதிக்கொண்டிருக்கும்வரை இங்கே அது வராது.

‘ஸ்டோலன் டங்ஸ்’ நாவலை மறந்துவிடலாம். லரோக்காவின் நூலில் முதல் பாதியை இன்னொரு முறை வாசியுங்கள். ‘பென்பால்’ நாவலை இப்போது தொடாதீர்கள். இரவில் வேண்டவே வேண்டாம். அப்பாவின் வருஷாப்திகம் முடியட்டும். பிறகு ஒரு பகல்பொழுதில், அம்மா வரும் பக்கங்களை மட்டும் தேடி எடுத்து, அவள் எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொல்கிறாள் என்று கவனித்துப் படியுங்கள். அதுவரைக்கும் அந்த இரண்டு மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். படித்த பிறகு எழுதுங்கள், உங்கள் அப்பாவைப் பற்றியும் எழுதுங்கள்.