நால்வரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நீலகிரியில் உள்ள கேத்தி பள்ளத்தாக்கை ஆயில் கலரில் வரைந்தோம். ஒருவர் படத்தில் மட்டும் தூரம் தெரிகிறது, மற்ற மூன்றும் தட்டை. ஏன்?

நாலு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மொபைலில் கறுப்பு வெள்ளையாக ஒரு போட்டோ எடுங்கள். தட்டையான மூன்றிலும் எட்டத்து மலையும் முன்னால் இருக்கும் தேயிலைச் சரிவும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத்தான் இருக்கும். நாலாவதில் மலைகள் வரிசைக்கு வரிசை வெளுத்துக்கொண்டே போகும். கோளாறு நிறத்தில் இல்லை, எது எவ்வளவு வெளுப்பு, எது எவ்வளவு கறுப்பு என்பதில் இருக்கிறது.

வெயில் நாளில் பொதுவாக வானம்தான் ஆக வெளுப்பு. அடுத்தது, மேலிருந்து வெளிச்சம் நேராக விழும் சமதரை. பிறகு சரிவு. நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்கள் ஆகக் கறுப்பு. கேத்தியில் தேயிலைச் சரிவைவிட அதன் நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஒரு படியாவது கறுத்திருக்க வேண்டும். இதற்கு மேல் இடையிலிருக்கும் காற்றும் பனிமூட்டமும் சேர்ந்துகொள்கின்றன. தூரம் கூடக்கூட நிழல்கள் வெளுத்து நீலமாகும், மஞ்சள் முதலில் காணாமல் போகும். அந்த மலையில் காடு இருப்பது நமக்குத் தெரியுமே, அதனால் கை தானாகப் பச்சையை எடுக்கிறது. அந்தப் பச்சைதான் மலையை முன்னால் இழுத்துவந்து நிறுத்திவிடுகிறது.

அடுத்த முறை வரையத் தொடங்கும் முன்பே நாலு குவியல் கலந்து வையுங்கள். 12×16 அங்குல கேன்வாஸுக்கு ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு போதும். முன்சரிவுக்கு லெமன் யெல்லோ, அல்ட்ராமரைன் ப்ளூ, கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, வெள்ளை வேண்டாம். நடுச்சரிவுக்கு லெமன் யெல்லோவை விட்டுவிட்டு யெல்லோ ஆக்கர், கூடவே கொஞ்சம் வெள்ளை. அதற்குப் பின்னால் உள்ள வரிசைக்கு ஆக்கர் ஒரு துளிதான், வெள்ளை பாதிக்கு மேல். கடைசி மலைக்கு வெள்ளை, அல்ட்ராமரைன், துளி அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), மஞ்சளே கூடாது. கலர் கலக்கும் கத்தியால் நாலையும் அடுத்தடுத்துத் தடவி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் அங்கேயே திருத்திவிடுங்கள், கேன்வாஸில் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு. டியூபிலிருந்து சாப் கிரீனை அப்படியே எடுத்துப் பூசும் பழக்கத்தையும் விட வேண்டும். எல்லாச் சரிவிலும் ஒரே பச்சை வந்து உட்கார அதுதான் காரணம்.

நேரமும் முக்கியம். காலை 8 மணிக்குத் தொடங்கியவரும் 10 மணிக்குத் தொடங்கியவரும் வரைவது ஒரே காட்சி அல்ல. டர்பண்டைனில் கரைத்த பர்ன்ட் சியன்னாவால் முதல் கால் மணி நேரத்திலேயே நிழல்களைக் குறித்துவிடுங்கள். பிறகு நிழல் நகர்ந்தாலும் அதன் பின்னால் ஓடாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91ல் தன் ஊரான ஜிவெர்னியில் வைக்கோல் போர்களைத் தொடராக வரைந்தபோது, வெளிச்சம் மாறியதும் கேன்வாஸையே மாற்றிக்கொண்டார். இரண்டு மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்குப் போய்த் தொடருங்கள்.

இப்போதிருக்கும் மூன்று படங்களைத் தூக்கிப் போட வேண்டாம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். கனமாகப் பூசிய இடங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். பிறகு வெள்ளையில் துளி அல்ட்ராமரைனும் சில சொட்டு லின்சீட் ஆயிலும் கலந்து, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, எட்டத்து மலைமேல் மட்டும் லேசாகத் தேயுங்கள். அடியில் உள்ள பச்சை கொஞ்சம் தெரிய வேண்டும், முழுக்க மூடினால் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிடும். இந்தப் பூச்சில் டர்பண்டைன் சேர்க்காதீர்கள், அது பூச்சில் எண்ணெயின் பங்கைக் குறைத்துவிடும். எண்ணெய் அதிகமுள்ள அடிப்பூச்சின் மேல் எண்ணெய் குறைந்த பூச்சு ஏறினால், மேலே உள்ளது முதலில் காய்ந்து இறுகும், அடியில் உள்ளது அப்புறமும் அசைந்துகொண்டிருக்கும். வெடிப்பு விழுவது அதனால்தான்.

லின்சீட் ஆயில் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.