பைத்தியத்துக்கும் தெளிவுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது?

"ஊரோடு ஒத்துப்போகாதவனைத்தானே பைத்தியம் என்கிறோம்? அப்படியானால் பைத்தியம் என்று தனியாக ஒன்று உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன்.

என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். நான் பள்ளியில் படித்த காலத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் நம்பரையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், எந்தப் பக்கம் போனது என்று கட்டம் கட்டி, அச்சடித்த மாதிரி கையெழுத்து. எல்லா வண்டியும் அவரை வேவு பார்க்க வருவதாக நம்பினார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு நம்பரைக் காட்டினார். தினமும் காலை ஆறே கால், அதே டிவிஎஸ் வண்டி.

"அது பால்காரர் சித்தப்பா."

"சரி. பால்காரன்னா ஏன் தினமும் அதே நேரத்துக்கு வர்றான்?"

"பால்காரர்னா அதே நேரத்துக்குத்தானே வருவார்?"

"அதத்தான்டா நானும் சொல்றேன்" என்று நோட்டை மூடிவிட்டார்.

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. பைத்தியம் பிடித்தவர்கள் யோசிக்கத் தெரியாதவர்கள் இல்லை, தப்பான இடத்தில் ஆரம்பித்துச் சரியாக யோசிப்பவர்கள் என்று ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். சித்தப்பாவோடு அரைமணி நேரம் பேசியிருந்தால் யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

அப்போ தப்பான நம்பிக்கைதான் பைத்தியமா? அதுவும் இடிக்கிறது. சித்தப்பாவை முதன்முதலாக டாக்டரிடம் கூட்டிப்போனது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அது முடியட்டும் என்று அப்பா ஆட்டோவை வாசலிலேயே நிற்க வைத்திருந்தார். அப்பாவுக்கு யாரும் மாத்திரை எழுதித் தரவில்லை. தரவும் முடியாது, ஒரு சமூகமே சகஜமாக நம்புவதை மனநல மருத்துவம் மாயநம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஊர் படுமோசமாகத் தப்பு செய்ததும் உண்டு. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் எஜமானை விட்டு ஓடுவதே ஒரு மனநோய் என்று அதற்குப் பெயரும் வைத்தார். தன்பாலின ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல். ஊரின் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

ஆனால் "எனவே பைத்தியம் என்றே ஒன்று இல்லை" என்ற இடத்துக்கு என்னால் கூட வர முடியாது. அந்த நோட்டு எழுதின மனுஷன் ராத்திரி தூங்கமாட்டார். பாட்டி போட்ட சோற்றை என்னை முதலில் ஒரு வாய் சாப்பிடச் சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை ஊர் உண்டாக்கவில்லை. ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு பாட்டி அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. டாக்டரிடம் போனது அதனால்தான்.

மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷம் போல இருக்கும். "இப்பவும் அப்படித் தோணுதா சித்தப்பா?" என்று கேட்டேன். "தோணும். ஆனா தோணுதுன்னு தெரியுது" என்றார்.

என்னைக் கேட்டால் கோடு இருப்பது அங்கேதான். நம்பிக்கை சரியா தப்பா என்பதில் இல்லை, எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதிலும் இல்லை. "இது எனக்குத் தோன்றுகிறது" என்று ஒரு அடி பின்னால் நின்று பார்க்க முடிகிறதா என்பதில் இருக்கிறது. குலசேகர ஆழ்வார் "பேயரே எனக்கு யாவரும் யானும் ஓர் பேயனே எவர்க்கும்" என்கிறார். எனக்கு எல்லாரும் பைத்தியம், எல்லாருக்கும் நானும் ஒரு பைத்தியம் என்று அர்த்தம். ஊரெல்லாம் எனக்குப் பைத்தியம் என்று சித்தப்பாவும்தான் சொல்வார். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் அவருக்கு ஒரு வருஷ மாத்திரை தேவைப்பட்டது. (பக்திப் பித்து வேறு, நோய் வேறு என்பது தெரியும். சண்டைக்கு வராதீர்கள்.)

இந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, ஆபீஸில் நாலு பேர் சேர்ந்துகொண்டு என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். யார் யாரோடு டீ குடிக்கப் போகிறார்கள், எந்த மெயிலில் என் பெயரை விட்டார்கள் என்று தேதிவாரியாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"தோணுதா, தெரியுமா?"

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"எதுவா வேணா இருக்கட்டும். நோட்டு மட்டும் போடாதே" என்றார்.